துர்க்கமும் வனமும் பேட்டையும்

பெங்களூரின் தென்கிழக்கே, கோரமங்கலத்துக்கும் தொம்மலூருக்கும் நடுவே, வீடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் ஈஜிபுராவின் தெருக்களில் நின்று எந்தத் திசையை நோக்கினாலும் ஒரு குன்றின் முடிகூடக் கண்ணில் படுவதில்லை. ஆயினும் இவ்விடத்தை மையமாக வைத்து நூறு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அவ்வட்டத்துக்குள் மலையுச்சிக் கோட்டைகள் எத்தனை எத்தனையோ அடங்கும் என்பதையும், அவற்றுள் பலவற்றுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்பதையும் இங்கே குடியிருப்போரில் மிகச் சிலரே அறிவர். மேற்கே சாவனதுர்க்கம், ஹுத்ரிதுர்க்கம், ஹுலியூர்துர்க்கம், பைரவதுர்க்கம், தெற்கே கப்பாளதுர்க்கம், வடக்கே நந்திதுர்க்கம், மாகளிதுர்க்கம், சென்னராயனதுர்க்கம், வடமேற்கே தேவராயனதுர்க்கம். இவ்வொன்பதையும் சேர்த்து நவதுர்க்கம் என்று வழங்குகிறார்கள். தென்கிழக்கே ஓசூரைத் தாண்டினால் ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் அவற்றைச் சார்ந்த பாராமகால் கோட்டைகளும் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர் கூட்டம் இம்மலைகளுக்குச் செல்வது இப்போது பெருவழக்காகிவிட்டது. சூரியோதயத்துக்கு முன் புறப்பட்டு, வண்டியை அடிவாரத்தில் நிறுத்தி, மூச்சிரைக்க ஏறி, உச்சியில் சற்று நேரம் நின்று, படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய உற்சாகத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் உச்சியை மட்டும் கண்டவர் கோட்டையின் மூன்றில் ஒரு பங்கைத்தான் கண்டவராகிறார் என்பது பல ஆண்டுகளாக இந்தப் பிரதேசத்தில் சுற்றி வந்த எனது தீர்மானமான அபிப்பிராயம். மலை, அதைச் சூழ்ந்த வனம், அதன் காலடியிலோ சற்று எட்டியோ அமைந்த பேட்டை என்ற மூன்றும் சேர்ந்ததே இந்நாட்டுத் துர்க்கம். அம்மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் ஏன் அவ்விடத்தில் இருக்கின்றன என்பது விளங்காது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமன்று. வடமொழி அர்த்த சாஸ்திரம் துர்க்கங்களை நீர், மலை, பாலை, வனம் எனப் பாகுபடுத்தி வைத்தது. திருக்குறளில் எழுபத்தைந்தாம் அதிகாரமாகிய ‘அரண்’ நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் நிழல் செறிந்த காட்டையும் ஒருசேர வைத்தே அரணுக்கு இலக்கணம் கூறுகிறது. சங்க நூல்களில் மதிலைப் பற்றிப் பேசும் புலவர், மதிலுக்கு வெளியே கிடங்கையும், கிடங்குக்கு வெளியே மிளை எனப்படும் காவற்காட்டையும் மறவாமல் சொல்வர். பாரியின் பறம்பை மூவேந்தர் முற்றியபோது, அம்மலை தன்னுள் விளையும் மூங்கில் நெல்லையும் பலாவையும் வள்ளிக்கிழங்கையும் தேனையும் கொண்டே தாங்கி நிற்கும் என்று கபிலர் கணக்கிட்டுக் காட்டியதை நினைவு கூர்ந்தால், காடு பகைவனைத் தடுக்கும் வேலியாகவும் உள்ளிருப்போருக்கு உணவுக் களஞ்சியமாகவும் ஒருங்கே பயன்பட்ட விதம் தெளிவாகும்.

சாவனதுர்க்கத்தைக் காணும்போது இந்த உண்மை கண்கூடாகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,226 மீட்டர் உயர்ந்து, கரிகுட்டம், பிளிகுட்டம் என்று கருமையும் வெண்மையுமான இரண்டு பெருங்குன்றுகளாகப் பிளந்து நிற்கும் இம்மலை, ஆசியாக் கண்டத்தின் மிகப் பெரிய ஒற்றைக்கல் மலைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. புவியியலார் இதன் பாறையைக் குளோஸ்பேட் கருங்கல் என்பர்; ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அகத்தே உருகி இறுகிய இக்கல், வடக்கு தெற்காக 400 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது. ராமநகரம், மாகடி, கப்பாளதுர்க்கம் ஆகிய இடங்களில் வானத்தை நோக்கித் திடீரென்று எழும் மொட்டைக் குன்றுகள் எல்லாம் இந்த நாடாவின் முடிச்சுகளே. கோட்டை கட்ட வந்த அரசர்களுக்குப் பாதி வேலையை இயற்கையே முடித்து வைத்திருந்தது.

சாவந்தி என்னும் பெயரால் இம்மலையைக் குறிக்கும் கல்வெட்டு, ஹொய்சள மன்னன் மூன்றாம் பல்லாளனின் காலத்தது. அதன் ஆண்டு 1340. பின்னர் விஜயநகரத்தின் அதிகாரியொருவன் இங்கே கோட்டை எழுப்பினான் என்பர்; அதன் பிறகு பெங்களூரை 1537இல் நிறுவிய கெம்பே கௌடரின் வமிசத்தார் கைக்கு அது வந்தது. 1638இல் பீஜப்பூர் சேனை ரணதுல்லா கானின் தலைமையில் பெங்களூரைக் கைப்பற்றியபோது, அவ்வமிசம் தாங்கள் உண்டாக்கிய நகரத்தை இழந்து மாகடிக்குப் பெயர்ந்தது. சாவனதுர்க்கம் அவர்களுடைய கடைசிப் புகலிடமாயிற்று. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1728இல், மைசூர்த் தளவாய் தேவராஜையன் மாகடியையும் துர்க்கத்தையும் வென்றான். கடைசிக் கெம்பே கௌடர் ஸ்ரீரங்கபட்டணத்துக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே உயிர் துறந்தார். நகரத்தை உண்டாக்கிய குலத்தின் சரித்திரம், அந்நகரத்தில் அல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் மேற்கே காட்டின் நடுவிலே முடிவுற்றது என்பதைப் பெங்களூர்வாசிகள் ஒருமுறையேனும் மாகடிக்குச் சென்று உணர வேண்டும். அங்கே சோமேசுவரர் கோயிலின் தூண்களும், திருமலை எனப்படும் சிறு குன்றின் மேலுள்ள ரங்கநாதர் ஆலயமும், நாளங்காடியின் சந்தடியும் அந்தக் குலத்தின் வாழ்வை உச்சியிலுள்ள எந்தச் சுவரை விடவும் உள்ளபடி உரைக்கின்றன.

இனி 1791ஆம் ஆண்டின் கதைக்கு வருவோம். இப்பிரதேசத்துக் கோட்டைகள் ஒவ்வொன்றும் அந்த ஓராண்டில்தான் உலக சரித்திரத்தில் இடம்பெற்றன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானோடு போரிட வந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூர்க் கோட்டையைப் பிடித்து, மே மாதத்தில் ஸ்ரீரங்கபட்டணத்தின் வாயில்வரை சென்றும், பொதிமாடுகள் நோயாலும் பட்டினியாலும் மடிந்து போனதால், தம்முடைய பெரும் பீரங்கிகளைக் கண்ணம்பாடியில் தாமே உடைத்தெறிந்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. திப்பு சுல்தானின் படையைக் காட்டிலும் அவரைத் தோற்கடித்தது உணவுப் பாதையின் நீளமே. கர்நாடகச் சமவெளியிலிருந்து கணவாய் வழியாக ஏறிவரும் தானியமூட்டை ஒவ்வொன்றும், ஏதேனும் ஒரு மலைக்கோட்டையின் கண்காணிப்பில் வந்தாக வேண்டியிருந்தது. துர்க்கத்தில் இருந்த சிறு காவற்படை இரவில் இறங்கி லம்பாடிகளின் மாட்டு மந்தைகளை மறித்துவிட்டு விடியற்காலையில் காட்டுக்குள் மறைந்துவிடும். ஆகவே அடுத்த படையெடுப்புக்கு முன் இக்கோட்டைகள் ஒவ்வொன்றையும் அகற்றியே தீருவது என்று அவர் நிச்சயித்தார். ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் வீழ்ந்தன. மூன்று வாரத்துக்கு மேல் முற்றுகையிட்டு அக்டோபர் 19ஆம் தேதி இரவில் நந்திதுர்க்கத்தைப் பிடித்தார்கள். நவம்பரில் கிருஷ்ணகிரியில் கர்னல் மாக்ஸ்வெல் பேட்டையைக் கைப்பற்றியும், மேற்கோட்டையை ஏற முடியாமல் பின்வாங்க வேண்டி வந்தது. அந்த ஒரு தோல்வியை ஆங்கிலேயர் தாமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாவனதுர்க்கம் டிசம்பருக்கென்று மிஞ்சியிருந்தது. ஆங்கிலேய எழுத்தாளர்கள் அந்நாளில் அதனைச் சுற்றியிருந்த காட்டை வருணிக்கும் பகுதிகள், கோட்டையை வருணிக்கும் பகுதிகளைவிட நீளமானவை. மலையடிவாரத்தைச் சுற்றிப் பல மைல் அகலத்துக்கு மூங்கிலும் முள்ளும் அடர்ந்து கிடந்தன. அதற்குள்ளே மனிதர் வசிக்க முடியாதபடி காய்ச்சல் இருந்தது. பகைவரின் சேனையில் பாதியைக் காய்ச்சலே கொன்றுவிடும் என்று திப்பு நம்பியிருந்ததாக அவர்கள் கூறினார்கள். டிசம்பர் 10ஆம் தேதி கர்னல் ஸ்டூவர்ட் முற்றுகையைத் தொடங்கினார். பீரங்கிகளை நகர்த்துவதற்கு வழியை வெட்டுவதே முதற் போராயிற்று. 17ஆம் தேதிதான் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. 21ஆம் தேதி முற்பகலில், ஒரு மணி நேரத்துக்குள், வெல்ல முடியாததெனப் பேர்பெற்ற துர்க்கம் அவர்கள் வசமாயிற்று. தங்கள் பக்கத்தில் ஒரே ஒரு சிப்பாய் காயமுற்றான் என்று வென்றவர்கள் எழுதினார்கள். காவலர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இந்த விவரத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பதினோரு நாட்கள் நடந்த முற்றுகையில் ஒரு வார காலம் காட்டோடும், நான்கு நாட்கள் சுவரோடும், ஒரு மணி நேரம் மனிதரோடும் போர் நடந்தது. காடு வெட்டப்பட்ட தினத்திலேயே கோட்டை வீழ்ந்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சி எதுவும் வேண்டியதில்லை. அம்மலையின் மெய்யான மதில் மூங்கிலாகவே இருந்தது. மூன்று நாட்களில் ஹுத்ரிதுர்க்கமும் வீழ்ந்தது. ராமகிரியும் சிவனகிரியும் பெரும் எதிர்ப்பின்றிப் பணிந்தன. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கபட்டணத்து உடன்படிக்கையால் திப்புவின் ராஜ்யத்தில் பாதி கைமாறியது.

அந்தப் பாதியில் பாராமகாலும் ஒன்று. ஈஜிபுராவிலிருந்து சில்க் போர்டைக் கடந்து ஓசூர்ச் சாலையில் செல்வோர், அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் நுழைவது அந்தச் சீமையின் வாசலில்தான். பன்னிரண்டு கோட்டைகள் கொண்டதாகக் கூறப்படும் இந்நாட்டை, பெனுகொண்டாவைக் காத்த வீரத்துக்காக விஜயநகர மன்னரிடமிருந்து ஜகதேவராயன் பெற்றான் என்பது வரலாறு. அவனுடைய வமிசத்தார் பின்னாளில் சென்னபட்டணத்திலிருந்து ஆண்டனர். எனவே மாகடியும் சென்னபட்டணமும் கிருஷ்ணகிரியும் இன்று இரு மாநிலங்களில் பிரிந்து கிடந்தாலும், ஒரே பாளையக்காரர் உலகத்தின் அங்கங்களாகவே பிறந்தவை. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கலெக்டராக அனுப்பிய அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும், குடியானவனோடு நேரில் தீர்வை பேசும் ரயத்துவாரி முறையை வளர்த்தது இந்தக் குன்றுகளின் அடிவாரத்திலேதான். சென்னை மாகாணத்தின் நிலவரி நிர்வாகமே இங்கிருந்து கிளைத்தது. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, இந்தக் கோட்டைகளின் நிழலில் தவழ்ந்த பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவும் நமக்கு உரிமையுண்டு.

ராயக்கோட்டைக்கு ரயிலிலேயே போகலாம். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தர்மபுரி செல்லும் பாதையில் அது ஒரு நிலையம். இறங்கியதும் மலை எதிரே நிற்கும். கிருஷ்ணகிரியில் கோட்டை மலையைச் சையத் பாஷா மலை என்றே ஊரார் அழைக்கிறார்கள். உச்சியிலுள்ள தர்காவுக்குச் செல்லும் பக்தர்களே அம்மலையின் படிகளை இன்றளவும் ஓய்வின்றி மிதித்துத் தேய்த்து உயிரோடு வைத்திருக்கின்றனர். இரண்டு கோட்டைகளும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இவற்றில் ஒன்றையேனும் ஏறுவோர், மதிலைக் கடந்து செல்லுமுன் சற்றே நின்று அதன் அருகே முகத்தைக் கொண்டு போய்ப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அடியில் ஆளுயரக் கருங்கற்கள், சாந்து ஏதுமின்றி, ஒன்றன் மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்திருக்கும். அக்கற்களின் விளிம்பில், விரல் நுழையும் அளவுக்கு வரிசையாகக் குழிகள் தெரியும். பாறையில் உளியால் குழி எடுத்து, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் மாறி மாறி அடித்துப் பிளந்த தடங்கள் அவை. சில பாறைகளில் குழிகளை எடுத்துவிட்டுப் பிளக்காமலே விட்டுச் சென்றிருப்பார்கள். ஒட்டர் ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதுபோல அது அப்படியே கிடக்கும். கண்ணை மேலே உயர்த்தினால், அதே மதிலின் தலைப்பில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கைப்பிடிச் சுவரும், அதில் துப்பாக்கியை நீட்டுவதற்காகச் சாய்வாக விடப்பட்ட துவாரங்களும் காணப்படும். கல்லடுக்கு பாளையக்காரர் காலம்; செங்கல் தலைப்பு ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலம். அம்பும் ஈட்டியும் துப்பாக்கிக்கு வழிவிட்ட நூறாண்டு மாறுதல் ஓராள் உயரச் சுவரில் அடங்கியிருக்கிறது.

பேட்டையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. துர்க்கத்திலே படை இருந்தது. தானியமும் வெடிமருந்தும் இருந்தன. பாறைச் சுனைகளில் நீர் தேங்கி நின்றது. ஆனால் வாழ்க்கை கீழேதான் இருந்தது. தேவனஹள்ளி இதற்குச் சிறந்த உதாரணம். 1501இல் மல்ல பைரே கௌடன் எழுப்பிய மண்கோட்டை பின்னாளில் கல்லாக மாறி, 1749ஆம் ஆண்டு முற்றுகையில் ஹைதர் அலி முதன்முதலாகப் பெயரெடுத்த களமாகி, பின்னர் திப்பு பிறந்த ஊராகவும் ஆயிற்று. இன்றும் கோட்டைச் சுவருக்குள்ளே தெருக்களும் கோயில்களும் குடும்பங்களும் இருக்கின்றன. நந்திமலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோர், அடிவாரத்து நந்தி கிராமத்தில், கங்கர் காலம் முதல் விஜயநகரம் வரை பல வமிசங்கள் கல் சேர்த்துக் கட்டிய போகநந்தீசுவரர் ஆலயத்தை எட்டிப் பாராமலே வளைவுச் சாலையில் திரும்பிவிடுவது என்னை உண்மையாகவே வருத்துகிறது. ராமநகரம் இன்னொரு வகை: திப்புவின் காலத்தில் ஷம்சேராபாத் என்றும், 1800க்குப் பின் ஆங்கிலேய ரெசிடெண்ட் பேரி குளோஸின் பெயரால் குளோஸ்பேட்டை என்றும் விளங்கிய இவ்வூர், இன்று பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்பெற்றது. ‘ஷோலே’ படம் எடுத்த இடமென்று ராமதேவர மலையைக் காட்டுவார்கள். அம்மலையின் செங்குத்துப் பாறைகளில் நீண்ட அலகுக் கழுகுகள் கூடு கட்டுவதால் 2012இல் அது கழுகுச் சரணாலயமாக்கப்பட்டது. மாடுகளுக்குப் போட்டுவந்த டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து, மாண்ட மாட்டின் இறைச்சி வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடெங்கும் அவற்றை அழித்த பிறகு, எஞ்சிய சிலவற்றுக்கு அடைக்கலம் அளித்தது பகைவன் ஏற முடியாதென்று அரசர்கள் தேர்ந்த அதே பாறைதான்.

சாவனதுர்க்கத்தைச் சுற்றிய காடும் அவ்வாறே பிழைத்தது. விவசாயத்துக்கு உதவாத பாறைச்சரிவு, காய்ச்சலின் பேர், துர்க்கத்தின் அச்சம் ஆகியவை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர் வனத்தை நமக்கு மிச்சம் வைத்தன. வெக்காலியும் பொரசும் கருவேல இனங்களும் மூங்கிலும் கலந்த இவ்வறண்ட இலையுதிர் காட்டில், மஞ்சள்தொண்டைக் கொண்டைக்குருவியைத் தேடி வெளிநாட்டிலிருந்தும் பறவை ஆர்வலர் வருகிறார்கள். அர்க்காவதி ஆற்றில் கட்டிய மஞ்சனபெலே அணைக்குச் சேரும் நீரில் ஒரு பங்கு இந்தச் சரிவுகள் தருவது. பன்னேர்கட்டாவிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக யானைகள் நடமாடும் தடமும் இக்கோட்டைகளின் நாட்டை ஊடுருவியே செல்கிறது.

ஆயினும் நிர்வாகத்தில் இம்மூன்று அங்கங்களும் தனித்தனியே கூறுபட்டுக் கிடக்கின்றன. மதில் தொல்லியல் துறைக்கு, மரம் வனத்துறைக்கு, அடிவாரக் கோயில் அறநிலையத் துறைக்கு, பேட்டை நகராட்சிக்கு என்று பங்கு போட்டாயிற்று. ஆலமரத்தின் வேர் கொத்தளத்தைப் பிளக்கும்போது அதை வெட்ட ஒரு துறைக்கு உரிமையில்லை. சுவர் சரியும்போது அதைக் கட்ட மறு துறைக்கு உரிமையில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனியும் பிரான்சும் சந்திக்கும் பாலட்டினேட் வனத்திலும் வோஸ்ழ் மலைகளிலும் செம்மணற்பாறைகளின் மேல் இடிந்த கோட்டைகள் இதேபோல் வரிசையாக நிற்கின்றன. சிங்கநெஞ்சன் ரிச்சர்டு 1193இல் சிறைவைக்கப்பட்ட டிரைஃபெல்ஸ் அவற்றுள் ஒன்று. அங்கே நடைப்பயணச் சங்கங்கள் பிரெஞ்சுப் பக்கத்தில் 1872 முதலும், ஜெர்மானியப் பக்கத்தில் 1902 முதலும் பாதைகளுக்கு அடையாளம் தீட்டிப் பராமரித்து வருகின்றன. ஒரு சிற்றூரில் புறப்பட்டு, காட்டின் வழியே நடந்து, கோட்டையைக் கண்டு, மறு சிற்றூரில் இறங்கி உணவருந்துவது அந்நாட்டாரின் பழக்கம். இரு நாட்டு எல்லையையும் தாண்டி அவ்வனப்பிரதேசம் 1998இல் ஒரே உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆக்கப்பட்டது. பல நூற்றாண்டு யுத்தம் செய்த இரு தேசங்களுக்கு இது கூடுமானால், ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கும் நான்கு துறைகளுக்கும் கூடாமற் போவதற்குக் காரணமே இல்லை.

ஈஜிபுராத் தமிழருக்கு இதில் ஒரு விசேஷப் பொறுப்பும் உண்டு. நம் வீடுகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில், அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன; பி. எல். ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் அவை பதிப்பிக்கப்பட்டுள்ளன. இந்நாட்டின் சரித்திரத்தில் நாம் வழிப்போக்கரல்லர் என்பதற்குப் பிரமாணம் அக்கற்களே. ஆகவே கோட்டை காணப் புறப்படுவோர் முதல் நாள் மாலையில் தொம்மலூர்க் கல்வெட்டைப் படியுங்கள். மறுநாள் மெஜஸ்டிக்கில் மாகடி பஸ் ஏறி, பேட்டையில் இறங்கி, கோயில்களையும் அங்காடியையும் பார்த்த பின்னர் துர்க்கத்தின் அடிவாரத்துக்குச் செல்லுங்கள். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறுவதற்கு ஏற்ற பருவம்; மழை பெய்த பாறை ஆளைக் கொல்லும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள், சுனை நீரில் இறங்காதீர்கள், சுவர்களில் பெயர் எழுதுவோரைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள், பொழுது சாயுமுன் கீழே இறங்கிவிடுங்கள்.